பெல் அடித்து வந்த நர்சம்மா

என்னைக் கட்டிலில் கிடத்தி, இடது பக்கம் ஒரு தடவை, வலது பக்கம் ஒரு தடவை என்று உருட்டி என் மனைவி படுக்கை விரிக்கப் பழகினாள். நோயாளி படுத்திருக்கும்போதே, அவரை எழுப்பாமல், அடியில் கிடக்கும் விரிப்பை உருவிவிட்டுப் புதியதைப் போட வேண்டுமாம். நர்சிங் படிப்பில் முதல் வருடமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். வீட்டில் நோயாளி யாரும் இல்லாததால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்த நான் அகப்பட்டேன்.

"ஏனுங்க, இப்ப உங்களை இடது பக்கமாத் திருப்பப் போறேனுங்க. பயப்படாதீங்க."

"பயப்பட என்ன இருக்குது? தூங்க உடு."

"பேசண்ட் அப்படியெல்லாம் பேசக் கூடாதுங்க."

எதைச் செய்வதானாலும் முதலில் நோயாளியிடம் சொல்ல வேண்டும், பிறகுதான் தொட வேண்டும். அதுதான் அவர்களுக்குப் பாலபாடம். நான் தேங்காய் வியாபாரி. உட்கார்ந்து பேரம் பேசியே வளர்ந்த உடம்பு. அதைத் திருப்புவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கிவிட்டது. எங்கள் மகள்கள் இரண்டு பேரும் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, அம்மாவுக்கு எத்தனை மார்க் போடலாம் என்று சத்தமாக ஆலோசித்தார்கள்.

எங்களுக்கு உடுமலைப்பேட்டைப் பக்கம். தோப்பும் வியாபாரமும் அங்கேதான். பிள்ளைகளின் படிப்புக்காகப் பீளமேட்டில் வாடகைக்கு வீடு பிடித்து, நான் காலையில் உடுமலைக்குப் போய்ப் பொழுதோடு திரும்பிக்கொண்டிருந்தேன். என் மனைவி பிளஸ் டூ முடித்த கையோடு எனக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டவள். நல்ல மார்க் வாங்கியிருந்தாளாம். கல்யாணப் பேச்சில் அதை ஒரு பெருமையாகச் சொன்னார்கள், அதற்குமேல் அந்த மார்க்கை வைத்து யாரும் எதுவும் செய்யவில்லை. என் அம்மா கடைசிக் காலத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். அங்கே நர்சுகள் வேலை செய்வதையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். மகள்கள் தாங்களே சடை பின்னிக்கொள்ளும் வயதுக்கு வந்ததும், ஒரு நாள் எனக்குத் தோசை போட்டுக்கொண்டே, "ஏனுங்க, நர்சிங் ஸ்கூல்ல சேர்ந்துட்டேனுங்க" என்றாள். சேரட்டுமா என்று கேட்கவில்லை. சேர்ந்துவிட்டேன் என்றாள். வயது வரம்பு தாண்டக் கொஞ்ச காலம்தான் பாக்கி இருந்ததாம், என்னிடம் கேட்டு நான் யோசித்து முடிப்பதற்குள் அது தாண்டிவிடும் என்று நினைத்திருக்கிறாள். என்னை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறாள்.

ஒரு மாதம் தாங்கும் என்று நான் போட்ட கணக்கு பொய்த்துப் போனது. கூடப் படித்ததெல்லாம் பள்ளிக்கூடம் முடித்து நேராக வந்த சின்னப் பெண்கள். அவர்கள் ஒரு தடவை படித்தால் மனதில் நிற்கும் எலும்புப் பெயர்களை இவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே சொல்லிச் சொல்லிப் பார்ப்பாள். முதல் பரீட்சையில் குறைந்த மார்க். அன்றைக்குக் கோயம்புத்தூர் முழுவதும் தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக அவளுக்கு எண்ணம். சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலையில் அந்த எலும்புகளை மறுபடியும் ஆரம்பித்தாள்.

வார்டுக்கு அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் அது என்ன படிப்பு என்று எனக்கும் புரிந்தது. ஆண்கள் வார்டில் முன்பின் தெரியாத ஒருவரின் உடம்பைத் துடைத்துவிட்டு வந்த முதல் நாள், வீட்டுக்கு வந்ததும் வெகு நேரம் தண்ணீர் வாத்துக் குளித்தாள். அவள் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இறந்துபோன அன்று, அவருடைய தலையை வாரிவிட்டதை என்னிடம் சொன்னாள். "பொண்டாட்டி வந்து பாக்கறப்ப நல்லா இருக்கோணுமல்லங்க" என்றாள். கலியாணமாகி இத்தனை வருடத்தில் இப்படி ஒருத்தியோடுதான் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன் என்பது எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. அவளைப் பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருந்தது. அதை அவளிடம் சொன்னேனா என்றால், இல்லை. "இன்னிக்குக் கொழம்பு நல்லா இருக்குது" என்றேன். எங்கள் பக்கத்து ஆண்களுக்கு அதுதான் அதிகபட்சம்.

என் அப்பாவுக்கு இந்தப் படிப்பு பிடிக்கவில்லை. அவர் தோப்பில் தனியாக இருந்தார். "அம்மிணிக்கு இங்க என்ன கொறை வெச்சோம்னு கேளு. ஊரார் ஊட்டுச் சீக்காளியத் தொடைச்சு உடோணும்னு தலையெழுத்தா?" என்று என்னிடம்தான் கேட்டார். அவளிடம் நேராகக் கேட்க மாட்டார். எங்கள் வீட்டில் மாமனாரும் மருமகளும் பேசிக்கொள்ளும் முறையே அப்படித்தான். அவர் வரும்போது கேட்டிலேயே ஒரு தடவை இருமுவார். சோபாவில் இருக்கும் என் மனைவி எழுந்து சமையலறைக்குள் போய்விடுவாள். காபி வேண்டுமென்றால் பேத்திகள் மூலம் சொல்லி அனுப்புவார், காபியும் பேத்திகள் கையில்தான் வரும். பயமும் கிடையாது, பகையும் கிடையாது. அவளுக்கு ஒரு தலைவலி என்றால் உடுமலையிலிருந்து எனக்கு இரண்டு தடவை போன் போட்டு விசாரிப்பார். மரியாதை என்றால் தள்ளி நிற்பது என்று இரண்டு பேருமே பழகியிருந்தார்கள்.

அவள் கடைசி வருடம் படிக்கும்போது, அப்பா வாய்க்கால் ஓரம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டார். கோயம்புத்தூரில் ஆபரேசன் செய்து, பீளமேட்டு வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டோம். முன்னறையில் சன்னலை ஒட்டிக் கட்டில் போட்டோம். எழுந்து நடக்கச் சில வாரங்கள் ஆகும், அதுவரை மல்லாந்த படுக்கையிலேயே எல்லாம். காலையில் ஓர் ஆள் வந்து உடம்பு துடைத்துச் சுத்தம் செய்துவிட்டுப் போவார். பொழுதோடு நான் வந்துவிடுவேன். இடையில் பகல் முழுவதும் வீட்டில் இருப்பது என் மனைவி மட்டும்தான், அவளுக்குப் பரீட்சைக்கு முந்தைய விடுமுறை. பகலுக்கும் ஓர் ஆளை வைக்கலாம் என்றேன். "பகல்ல எனக்கு ஒண்ணும் வேண்டியிருக்காது" என்று அப்பா முடித்துவிட்டார்.

எனக்கு அது சாதாரணமாகத்தான் பட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பும் டம்ளரும் இருந்தன. பேத்திகள் போகும்போதும் வரும்போதும் நிரப்பி வைத்தார்கள், சொம்பு காலியாகிக்கொண்டே இருந்தது. நன்றாகத் தண்ணீர் குடிக்கிறார் என்று எல்லோருக்கும் திருப்தி. ஆனால் நாளுக்கு நாள் சோர்ந்து போனார். ஒரு நாள் மத்தியானம் நான் தேங்காய் மண்டியில் இருக்கும்போது மனைவியிடமிருந்து போன்.

"ஏனுங்க, மாமா தண்ணியே குடிக்கறதில்லைங்க."

"சொம்பு காலியாகுதல்ல?"

"சன்னலுக்கு அந்தப் பக்கம் கருவேப்பிலைச் செடி ஈரமா இருக்குதுங்க. நாம யாரும் அதுக்குத் தண்ணி ஊத்தலை. வந்து பாருங்க, செடி தளதளன்னு இருக்குது. வாசப்படியில நின்னு பாத்தேனுங்க, மாமாவுக்கு உதடு வறண்டு கெடக்குது."

வண்டியை எடுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் எனக்குக் கோபமும் அழுகையும் மாறி மாறி வந்தன. தண்ணீர் குடித்தால் சிறுநீர் வரும். சிறுநீர் வந்தால் அதற்கான பாட்டிலைப் பிடிக்க ஆள் வேண்டும். பகலில் இருப்பது மருமகள். அதனால் காலையில் அந்த ஆள் போனதிலிருந்து நான் வரும்வரை அவர் வாயை நனைக்காமல் கிடந்திருக்கிறார். யாரும் சந்தேகப்படக் கூடாது என்று டம்ளரைக் கை நீட்டிச் சன்னல் வழியே கவிழ்த்திருக்கிறார். அதிலும் அவருடைய குடியானவப் புத்தியைப் பாருங்கள், வெறும் தரையில் ஊற்ற மனது வராமல் குறி பார்த்துச் செடிக்கு ஊற்றியிருக்கிறார்.

நான் போய்ச் சேர்ந்தபோது அப்பா பாதி மயக்கத்தில், தோப்பில் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு என்னை அடையாளம் கண்டுகொண்டு தெளிவாகப் பேசினார். டாக்டரிடம் போனில் பேசியிருந்தாள் என் மனைவி. கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைக்க வேண்டும், சாயங்காலத்துக்குள் சிறுநீர் பிரியவில்லையென்றால் கூட்டி வந்துவிட வேண்டும், இந்த வயதில் சிறுநீரகம் கெட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது என்று அவர் சொல்லியிருந்தார்.

நான் குடிக்கச் சொன்னேன், என் முகத்துக்காக ஒரு வாய் குடித்தார். "நீங்க குடிக்காம இப்படியே கெடந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும்" என்றேன். "போயிட்டுப் போறது" என்றார். "நான் இன்னிக்கு இருக்கறேன். நாளைக்கு?" என்றேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "அப்பா, அவ படிச்சவ. வார்டுல எத்தனை பேருக்குப் பாக்கறா."

"வார்டுல பாக்கறது வேற. என்ற மருமக எனக்கு மூத்திரச் சட்டி ஏந்தறதுக்கு நான் போய்ச் சேர்ந்துபோடறது மேல்."

சமையலறை வாசலில் நின்று அவள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கையைப் பிசைந்துகொண்டு அவளிடம் போனேன். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"வார்டுல பாக்கறது வேறன்னு மாமாவே சொல்லிப்போட்டாரல்லங்க" என்றாள். விறுவிறுவென்று உள்ளே போனாள். திரும்பி வரும்போது இளநீலச் சுடிதாரும் அதன்மேல் வெள்ளைக் கோட்டும், தலையில் இறுக்கிய கொண்டையும். கையில் வளையல் இல்லை, வார்டில் வளையல் போடக் கூடாது. பின்கதவைத் திறந்து பொடக்காளி என்கிற கொல்லைப்புறம் வழியாகப் போனாள். வீட்டைச் சுற்றிக்கொண்டு போகிற செருப்புச் சத்தம் கேட்டது. முன்வாசலில் காலிங் பெல் அடித்தது.

என்ன நடக்கிறது என்று புரியாமலே போய்க் கதவைத் திறந்தேன். என்னை யாரோ போலப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராக அப்பாவின் கட்டிலருகே போய் நின்றாள்.

"வணக்கமுங்க ஐயா. நான் டியூட்டி நர்சுங்க. உங்களைப் பாத்துக்க வந்திருக்கேனுங்க."

அப்பா கண்ணைத் திறந்தார். மாமா என்று கூப்பிட வேண்டியவள் ஐயா என்கிறாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை, கோட்டைப் பார்த்தார். அப்புறம் விட்டத்தைப் பார்த்தார். அந்த நேரம் எனக்கு மட்டும்தான் நீளமாக இருந்ததா என்று தெரியவில்லை. மறுக்கப் போகிறார், இதையும் அவமானமாக எடுத்துக்கொள்ளப் போகிறார் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

"வாங்க நர்சம்மா" என்றார்.

மருமகளை வாழ்நாளில் அவர் 'வாங்க' என்று சொன்னதில்லை. அவள் முகத்தில் ஒரு மாற்றமும் காட்டாமல், "மொதல்ல ஒரு டம்ளர் மோர் குடிக்கறீங்களாங்க ஐயா?" என்றாள். குடித்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கஞ்சித் தண்ணீர். அதையும் குடித்தார். சாயங்காலம் அவள் என்னை வெளியே போகச் சொல்லிக் கண்ணைக் காட்டினாள். கதவு சாத்துவதற்கு முன்னால், "ஐயா, உங்க மேல போர்வையப் போத்தீட்டு, உள்ளார பாட்டிலை வெக்கப் போறேனுங்க. நான் அந்தப் பக்கம் திரும்பிக்கறேன். அவசரமில்லீங்க" என்று சொல்வது கேட்டது. வாசலில் செருப்புகளோடு செருப்பாக நின்றுகொண்டு நான் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் வெளியே வந்து, "வந்துருச்சுங்க" என்றாள். பிளஸ் டூ ரிசல்ட் வந்தபோதுகூட அவள் முகம் அப்படி மலர்ந்திருக்காது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அந்தக் கூத்து தினமும் நடந்தது. சமையலறையில் வளையலோடு புத்தகத்தை விரித்து வைத்திருப்பாள். நேரமானதும் உடை மாற்றிக்கொண்டு பொடக்காளி வழியாகச் சுற்றி வந்து பெல் அடிப்பாள். திறக்க ஆளில்லாத பகலில், சாத்தி மட்டும் வைத்த கதவைத் தானே தள்ளிக்கொண்டு உள்ளே வருவாள். பக்கத்து வீட்டு அம்மா, "சாவி தொலைஞ்சுபோச்சுங்களா?" என்று என்னைக் கேட்டார். சின்னவளுக்குத்தான் சிரிப்பை அடக்க முடியவில்லை. "தாத்தாவுக்குத் தெரியாதாப்பா?" என்றாள். "தெரியும் கண்ணு. கதவைத் தொற" என்றேன்.

நர்சாக வரும்போது அவள் அவருக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். மருமகளாக ஒரு நாளும் அவர் முன்னால் உட்கார்ந்ததில்லை. அவரும் நர்சிடம் பேசினார். வலிக்கிறது என்று என்னிடம் ஒரு தடவைகூடச் சொல்லாதவர், எந்த இடத்தில், எப்படி வலிக்கிறது என்று அவளிடம் சொன்னார். இனி நடக்க முடியாமல் போய்விடுமோ என்று பயமாக இருப்பதைச் சொன்னார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் சமையலறையில் காபி வடிகட்டிக்கொண்டிருந்தபோது அவர்கள் பேச்சு என் காதில் விழுந்தது.

"உங்களுக்குச் சொந்த ஊரு எதுங்க நர்சம்மா?"

"பல்லடம் பக்கமுங்க ஐயா."

"அப்படீங்களா. எங்க மருமகளுக்கும் அந்தப் பக்கந்தானுங்க."

காபியை என் கையிலேயே ஊற்றிக்கொண்டேன். இருவரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

"அதுவும் நர்சுக்குத்தான் படிக்குதுங்க" என்று அப்பா தொடர்ந்தார். "படிக்க வேண்டாம்னு நான்தான் சொன்னனுங்க. அந்தப் புள்ளை எதிர்த்து ஒரு வார்த்தை பேசலீங்க. படிக்கறதையும் நிறுத்தலீங்க. கெட்டிக்காரப் புள்ளைங்க. என்ற சம்சாரம் கெடந்தப்ப, பெத்த மகளாட்டம் பாத்துக்கிச்சுங்க."

"அதுகிட்டச் சொல்லியிருக்கீங்களா ஐயா?"

"மருமககிட்ட இதையெல்லாம் எப்படீங்க சொல்றது?"

அவள் நாடி பார்க்கிறேன் என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சமையலறைக்குத் திரும்பி வந்து, அடுப்பைப் பார்த்தபடி நின்று அழுதாள். நான் பக்கத்தில் போனேன். "ஒண்ணுமில்லீங்க" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அன்றைக்கு நான் குழம்பைப் பற்றிப் பேசவில்லை. "உன்னாட்டம் ஒருத்தி எனக்கு எப்படிக் கெடைச்சான்னு தெரியலை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன வேகத்தில் கூச்சமாகிப் பால் வாங்கக் கடைக்குப் போய்விட்டேன். வீட்டில் பால் இருந்தது.

அப்பா வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைக்க ஆரம்பித்தார். இருந்தாலும் பிடித்துக்கொள்ள, உட்கார வைக்க, சுத்தம் செய்ய ஆள் வேண்டியிருந்தது. வெயிலோ கோடை வெயில். அவளுடைய கடைசிப் பரீட்சை நெருங்கிவிட்டது, வார்டில் பரீட்சையாளர் முன்னால் நோயாளிக்குச் செய்து காட்ட வேண்டிய செய்முறைப் பரீட்சை. அதற்கு முந்தின நாள் நான் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்தேன். மத்தியானம் அவள் வழக்கம் போலப் பொடக்காளியைச் சுற்றி, வியர்த்து வழிய வந்து பெல் அடித்தாள். நான் கதவைத் திறந்தேன். வேலையெல்லாம் முடிந்து கிளம்பும்போது அப்பா கூப்பிட்டார்.

"நர்சம்மா, இனிமே நீங்க வர வேண்டாமுங்க."

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏனுங்க ஐயா? நான் ஏதாச்சும் தப்பாச் செஞ்சுபோட்டனுங்களா?"

"சேச்சே. நீங்க செஞ்சதுக்கு நான் எந்தக் காலத்துல என்ன செய்யப் போறேன்? இந்த வெயில்ல எதுக்குங்க ஊட்டைச் சுத்திச் சுத்தி வாரீங்க." அப்பா சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்க மருமக ஊட்டுக்குள்ளதான இருக்குது. அதே பாத்துக்கட்டுமுங்க."

அவள் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் வந்தது. பழைய பருத்திச் சேலையில், கையில் பாட்டிலும் துண்டுமாக, சமையலறைக்கும் முன்னறைக்கும் நடுவில் இருக்கிற நிலைவாசலில் வந்து நின்றாள். அந்த நிலைவாசலைத் தாண்டி, அவர் இருக்கும்போது அவள் மருமகளாக முன்னறைக்குள் போனதே இல்லை. நான் போய்க் கூடவே நிற்கலாமா என்று நினைத்தேன். அதற்குள் அப்பா தலையைத் திருப்பி அவளைப் பார்த்துவிட்டார். இந்தத் தடவை கோட்டும் இல்லை, அவர் நேராக முகத்தைப் பார்த்தார்.

"வா அம்மிணி" என்றார். "நாளைக்கு உனக்குப் பரீட்சைன்னு நர்சம்மா சொல்லீட்டுப் போனாங்க."

"ஆமாங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே அவள் உள்ளே போனாள்.